எந்த மூலையிலும் இல்லாத இருபத்திரண்டு

அத்தியாயம் 9

ஆறு பொட்டலம் மண்ணில் ஈயம் எவ்வளவு என்று ஆறு எண்கள் வந்திருந்தன. வேறு யாராக இருந்தாலும் அவற்றை வரிசையாக எழுதிக் கூட்டிக் கழித்துப் பார்த்திருப்பார்கள். சர்வேயர் தோட்டத்தின் படத்தை வரைந்து, எந்த இடத்தில் தோண்டினாரோ அந்த இடத்திலேயே அந்தந்த எண்ணை எழுதிக்கொண்டிருந்தார். இருபத்தெட்டு வருஷம் நிலம் அளந்த கை. அந்த வேலையை விட்டுத் துப்பறியும் அலுவலகம் திறந்த பிறகும், படம் போடாமல் அவருக்கு யோசனை ஓடாது.

மேசையின் எதிர்ப்பக்கம் அவருடைய மைத்துனன் ஆறிப்போன டீயை ஊதிக்கொண்டிருந்தான்.

"அத்தான், மண்ணை இவ்வளவு நேரம் பார்க்கிறதுக்கு நாம பேசாம விவசாயத்துல இறங்கியிருக்கலாம். விளையறதையாவது சாப்பிடலாம்."

"இந்த மண்ணுல விளைஞ்சதைச் சாப்பிட்டுத்தான் ஒரு குழந்தை ஆஸ்பத்திரியில கிடக்கு."

மைத்துனன் டம்ளரைக் கீழே வைத்தான்.

குழந்தைக்கு இரண்டரை வயது. முதலில் வயிற்று வலி என்றாள். பிறகு முகம் வெளுத்தது. அதன் பிறகு, பேசக் கற்றுக்கொண்ட வார்த்தைகளை ஒவ்வொன்றாக விட ஆரம்பித்தாள். போன மாதம் வரை "நிலா" என்று கைகாட்டியவள் இப்போது வெறுமனே கையை மட்டும் காட்டினாள். இரத்தத்தில் ஈயம் என்றார் டாக்டர். மருந்து கொடுத்துக் கொஞ்சம் இறக்கியும் விட்டார். ஆனால் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தார்: 'எங்கிருந்து வருதுன்னு தெரியாம வீட்டுக்கு அனுப்ப மாட்டேன். அனுப்பினா மறுபடி ஏறும். அப்போ இறக்க முடியுமான்னு எனக்குத் தெரியாது.'

குழந்தையின் அம்மா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீட்டுக்குப் பின்னால் பத்தடிக்கு இருபதடித் தோட்டம். கீரை, கேரட், நாலு தக்காளிச் செடி. ஒரு பக்கம் வேலிக்குப் பதிலாகப் பேட்டரிக் கடையின் சுவர். பேட்டரி என்றால் ஈயம். டீச்சர் கணக்கைப் போட்டுவிட்டார். விடையும் வந்துவிட்டது. பேட்டரிக்காரர் மேல் புகார் எழுதிக் கையெழுத்தும் போட்டு வைத்திருந்தார். இன்று மாலை நகராட்சி அலுவலகம் மூடுவதற்குள் கொடுத்துவிட்டால், நாளைக் காலையில் கடைக்குப் பூட்டு.

"இதைப் பாரு" என்றார் சர்வேயர்.

மைத்துனன் எட்டிப் பார்த்தான். பேட்டரிக் கடைச் சுவரோரம் 64. நடுத் தோட்டத்தில் 150, 170. வீட்டுச் சுவரோரம், ஜன்னல்களுக்குக் கீழே, 1900, 2700.

"தலைகீழா இருக்கே!"

"ஈயம் கடையிலேர்ந்து சுவரேறிக் குதிச்சிருந்தா, குதிச்ச இடத்துலதானே அதிகமா இருக்கணும்?"

"ஏன் அத்தான், திருடன் சுவரேறிக் குதிச்சா அங்கேயேவா உக்காந்திருப்பான்? நேரா வீட்டுப் பக்கம்தானே போவான்?"

"திருடனுக்குக் காலு இருக்கு. ஈயத்துக்கு இல்ல. விழுந்த இடத்துலயே கிடக்கும். மழையில கரையாது, வருஷக்கணக்கானாலும் மக்காது."

ஆறாவது எண் சிமென்ட் தண்ணீர்த் தொட்டிக்கு அடியிலிருந்து எடுத்த மண்ணுடையது. 58. சர்வேயர் பென்சிலால் அதைச் சுற்றி வட்டம் போட்டார்.

"அந்தத் தொட்டி அவங்க குடிவர்றதுக்கு முன்னாடியே கட்டினது. அதுக்கடியில கடைத் தூசியும் விழல, யார் கையும் படல. இந்த இடத்தோட பிறவிக் குணம் அம்பத்தெட்டு. இப்போ இதைப் பாரு."

இன்னொரு காகிதத்தை எடுத்து வைத்தார். இரண்டரை வருஷத்துக்கு முன்பு, குழந்தை பிறந்த புதிதில், தோட்டம் போடுவதற்கு முன்னால் டீச்சர் மண்ணைச் சோதனைக்கு அனுப்பியிருந்தார். அந்த அறிக்கை. ஈயம்: 22. பயிரிடலாம். டீச்சரின் கணக்கு முழுவதும் இந்தக் காகிதத்தின் மேல்தான் நின்றது. அன்றைக்கு மண் சுத்தம், இன்றைக்கு விஷம், அப்படியானால் நடுவில் வந்தது பேட்டரிக்காரரால்.

"இருபத்திரண்டு" என்றான் மைத்துனன். "தொட்டிக்கு அடியில இருக்கிறதை விடக் கம்மி."

"அந்தத் தோட்டத்துல எந்த மூலையிலும் இருபத்திரண்டு இல்ல. எப்பவும் இருந்ததும் இல்ல. அப்போ இது எந்த மண்ணு?"

சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டார். மைத்துனன் அந்த முதுகைப் பார்த்தான். தன் அக்கா நோயில் படுத்திருந்த நாட்களில், டாக்டர் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் இந்த மனிதர் இப்படித்தான் படம் போட்டுப் பதில் தேடிக் கொடுத்தார். கடைசிப் பதில் கிடைத்தபோது கேட்பதற்கு அக்கா இல்லை. அதிலிருந்து அத்தான் நடக்கும் வேகம் கூடிவிட்டது.

"இருங்க அத்தான், நானும் வர்றேன். எனக்கும் காலு இருக்கு."

●

மண் பரிசோதனைக் கூடத்தின் சேமிப்பறையில் ஒரு அம்மா மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார். தரையிலிருந்து கூரை வரை பழுப்பு டப்பாக்கள்.

"மூணு வருஷத்து மண்ணு இருக்கு. சோதிச்சது போக மிச்சத்தை நாங்க தூக்கிப்போடறதில்ல" என்றார்.

"எதையுமேவா?" என்றான் மைத்துனன்.

"என் வீட்டுக்காரரையே இன்னும் வெச்சிருக்கேன்னா பாத்துக்கோங்க."

சர்வேயர் காட்டிய அறிக்கை எண்ணைப் பார்த்து ஏணியில் ஏறி, ஒரு டப்பாவைத் தேடி எடுத்து இறங்கினார். மூடியைத் திறந்தார். கறுத்த, பொலபொலவென்ற மண். கையில் அள்ளினால் கனமே இல்லை. ஒரு கல் கிடையாது. நடுநடுவே வெள்ளை வெள்ளையாகப் பொரிந்த மணிகள், தெர்மாகோலைக் கிள்ளிப் போட்டதுபோல.

"எனக்கு இது ஞாபகமிருக்கு" என்றார் அந்த அம்மா. "கொண்டு வர்றவங்க செங்கல்லு, ஆணி, கண்ணாடின்னு அள்ளிட்டு வருவாங்க. இதைப் பாத்துட்டு, யாருய்யா இது, மண்ணுக்குப் பவுடர் போட்டு அனுப்பிச்சிருக்காங்கன்னு நாங்க சிரிச்சோம்."

"இந்த வெள்ளை என்னம்மா?"

"கடையில பாக்கெட்டுல விக்கிற பூந்தொட்டி மண்ணு சார். வேருக்குக் காத்து போகணும்னு அதைக் கலப்பாங்க. தரையில இருக்கிற மண்ணுல இது வராது."

"சிரிச்சீங்க, சரி. அவங்ககிட்ட கேக்கலையா?"

அந்த அம்மாவின் முகம் மாறியது. "கொண்டு வந்ததைச் சோதிக்கிறதுதான் சார் எங்க வேலை. எங்கேர்ந்து கொண்டு வந்தாங்கன்னு கேக்கிறதில்ல." கொஞ்சம் நிறுத்தி, "கேட்டிருக்கலாம்" என்றார்.

பதிவேட்டில் டீச்சரின் பெயர் இருந்தது. கொண்டு வந்தவர் என்ற இடத்தில் வேறொரு கையெழுத்து. நேரம் பதினொன்று நாற்பது.

●

டீச்சர் பின்வாசலில் நின்றிருந்தார். அவருடைய அக்கா ஆஸ்பத்திரியில் குழந்தையோடு இருந்தாள். புகார்க் காகிதம் இவர் கையிலேயே இருந்தது.

"நானேதான் சார் தோண்டினேன். பச்சை உடம்பு, எல்லாரும் திட்டினாங்க, கேக்கல. அஞ்சு இடத்துல ஒரு சாண் ஆழம். வீட்டுச் சுவரோரமா ரெண்டு, நடுவுல ரெண்டு, அந்தக் கோடியில ஒண்ணு. வாளியில போட்டுக் கலந்து பையில கட்டினேன். குழந்தை சாப்பிடப் போற மண்ணாச்சே!"

மண் என்று சொல்லிவிட்டதை உணர்ந்து உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"பையை யார்கிட்ட கொடுத்தீங்க?"

"எங்க வீட்டுக்காரர்கிட்டதான். காலையில ஏழரை மணிக்கு. அவரோட போட்டோ ஸ்டுடியோவைத் தாண்டினா பரிசோதனைக் கூடம்தானே."

ஏழரைக்குக் கிளம்பிய பை, நடந்தால் கால் மணி நேரத் தூரத்தைக் கடக்க நாலு மணி நேரம் எடுத்திருக்கிறது. மைத்துனன் சர்வேயரைப் பார்த்தான். சர்வேயர் கேரட் பாத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு நரைத்த தலை எழுந்தது.

"என்ன சார், இன்னும் எத்தனை பொட்டலம் கட்டப் போறீங்க? தோட்டத்தையே தூக்கிட்டுப் போயிடுங்களேன்."

"உங்க வேலையைப் பாருங்க" என்றார் டீச்சர்.

"எங்கம்மா பாக்க விடறீங்க? பேட்டரியை நான் மாத்திக் கொடுக்கிறவன், உடைக்கிறவன் இல்லன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டாச்சு. பழசையெல்லாம் கம்பெனி வண்டி வந்து மூடின பெட்டியில எடுத்துட்டுப் போறான். நீங்க பாத்திருக்கீங்க. பாத்துட்டே பேசறீங்க."

"என் பொண்ணு ஆஸ்பத்திரியில இருக்கா."

"அது எனக்கும் கஷ்டமாத்தாம்மா இருக்கு." தலை இறங்கிவிட்டது.

டீச்சர் சர்வேயர் பக்கம் திரும்பினார். "நாலு மணி வரைக்கும்தான் பொறுப்பேன் சார். அதுக்குள்ள நீங்க வேற ஆளைக் காட்டணும். இல்லேன்னா இதைக் கொண்டு போய்க் கொடுத்துடுவேன். எனக்கு என் பொண்ணு வீட்டுக்கு வரணும். யாரு மேலயாவது எனக்குக் கோபப்படணும் சார். இல்லேன்னா என் மேலதான் வருது. நான்தானே ஊட்டி விட்டேன்."

மைத்துனனிடம் இந்த மாதிரி நேரத்துக்கென்று எப்போதும் ஒரு வேடிக்கைப் பேச்சு இருக்கும். இப்போது அதை விட்டுவிட்டு ஸ்டுடியோவுக்கு வழி கேட்டான்.

●

ஸ்டுடியோவில் புகைப்படக்காரர் ஒரு வழுக்கைத் தலைக்காரரின் நெற்றியில் பவுடர் ஒற்றிக்கொண்டிருந்தார்.

"அடையாள அட்டைக்குத்தானேங்க" என்றார் வந்தவர். "முகம் தெரிஞ்சா போதாதா?"

"எவ்வளவு நாள் வெச்சுப் பாக்கப்போற படம்! பளபளன்னு இருக்க வேணாமா? காலரை இழுத்து விடுங்க. அப்படித்தான். இருக்கிறதிலேயே நல்லதைத்தான் காட்டணும்."

வழுக்கைத் தலைக்காரர் போன பிறகு புகைப்படக்காரர் இவர்கள் பக்கம் திரும்பினார். தூங்கிப் பல நாளாகியிருந்த கண்கள். "டாக்டர் ஏதாவது சொன்னாரா சார்?"

மைத்துனன் அதற்குள் உள்ளே போய்விட்டான். சுவரில் ஏரியும் மலையும் வரைந்த திரை. அதன் காலடியில், இயற்கைக்குத் துணையாக, பீங்கான் தொட்டியில் ஒரு இலைச்செடி. குனிந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து உள்ளங்கையில் தேய்த்தான். கறுப்பு. பொலபொலப்பு. வெள்ளை மணிகள்.

"அண்ணே" என்றான், கையை நீட்டியபடி. "இந்தத் தொட்டியோட வயித்துல ஒரு பள்ளம் விழுந்திருக்குமே, ரெண்டரை வருஷத்துக்கு முன்னாடி?"

புகைப்படக்காரர் அந்தக் கையைப் பார்த்தார். புரிவதற்குச் சில விநாடிகள் ஆயின. புரிந்ததும் பவுடர் டப்பாவைக் கீழே வைக்க இடம் தேடினார்.

"அது... பை கிழிஞ்சிடுச்சுங்க. மாத்திக் கட்டலாம்னு இங்க கொட்டினேன். பாத்தா ஒரே செங்கல் துண்டு, ஆணி, சுண்ணாம்பு, வேரு. அவ்வளவு பெரிய ஆபீசு. வெள்ளைக் கோட்டு போட்டவங்க பாக்கப் போறாங்க. என் பொண்டாட்டி பேரு வேற போட்டிருக்கு. இதைப் போய் நீட்டினா நம்ம குடும்பத்தைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"அதனால தலை சீவி அனுப்பினீங்க."

"நல்ல மண்ணா கொஞ்சம் கொடுத்தேன். எந்த ஊட்டச்சத்து போடணும்னு எழுதிக் கொடுப்பாங்க, அவ்வளவுதான்னு நினைச்சேன் சார். சத்தியமா. விஷம் இருக்கான்னு பாக்கிறாங்கன்னு எனக்குத் தெரியாது. அவ சொன்னா. நான் கேட்டேனா, தெரியல. அன்னைக்கு ஒரு கல்யாணப் படம்..."

"அவங்க கட்டிக் கொடுத்த மண்ணு?"

"வடிகால்ல போட்டுட்டேன்."

சர்வேயர் ஸ்டூலில் உட்கார்ந்தார். "அறிக்கை எப்படிப் பொய்யாச்சுன்னு தெரிஞ்சு போச்சு. ஆனா டாக்டர் கேட்டது அது இல்ல. ஈயம் எங்கேர்ந்து வந்துச்சு? ஜன்னலுக்குக் கீழே ரெண்டாயிரத்து எழுநூறு. அதை யார் கொண்டு வந்து போட்டா?"

"அந்தக் கடைக்காரர்தானே சார்?"

"இல்ல."

மைத்துனன் எதிர்ச்சுவரில் வரிசையாக மாட்டியிருந்த படங்களின் முன்னால் நின்றுகொண்டிருந்தான். எல்லாம் ஒரே குடும்பம், ஒரே இடம். பின்வாசல் ஜன்னலோரம் மாதத்துக்கு ஒரு படம். நிறைந்த வயிற்றோடு டீச்சர். அடுத்ததில் கையில் பொட்டலம் போலக் குழந்தை. பிறகு தவழும் குழந்தை. பிறகு பாத்தி நடுவே, முழங்கை வரை மண்ணோடு, வாயைத் திறந்து சிரிக்கும் குழந்தை.

முதல் படத்துக்குப் போனான். இரண்டாவதுக்கு வந்தான். மறுபடி முதலுக்குப் போனான்.

"அத்தான்." குரலில் கிண்டல் இல்லாததால் சர்வேயர் உடனே எழுந்தார். "இந்தப் படத்துல ஜன்னல் நீலம். இதுல வெறும் மரம். நடுவுல ஒரே மாசம். நீலம் எங்க போச்சு?"

புகைப்படக்காரர் படங்களின் அருகில் வந்தார்.

"நான்தான் சுரண்டினேன்" என்றார் புகைப்படக்காரர், மெதுவாக. "பழைய பெயிண்ட். அந்த வீடு கட்டின காலத்துலேர்ந்து ஒண்ணு மேல ஒண்ணா பூசியிருந்தாங்க. செதில் செதிலா உரிஞ்சு தொங்கும். குழந்தை பிறந்து வரும்போது அழகா இருக்கணும்னு... மூணு ஞாயித்துக்கிழமை. நாலு ஜன்னல். உப்புத்தாள் போட்டுத் தேச்சுத் தேச்சு..."

"அந்தத் தூள்?"

"அவ மாசமா இருந்தாளே. மூச்சுல போயிடக்கூடாதுன்னு அவளை அவங்க அக்கா வீட்டுக்கு அனுப்பிட்டேன். ஒரு துளி பறக்க விடல சார். தண்ணி தெளிச்சு, ஈரமாக்கி, பெருக்கி, எல்லாத்தையும் ஜன்னலுக்குக் கீழேயே மண்ணுல போட்டுக் கொத்தி விட்டேன். மண்ணுல போட்டா மக்கிடும்னு..." நிறுத்தினார். "பழைய பெயிண்ட்லயா சார்?"

"பழைய பெயிண்ட்ல ஈயம் கலந்திருப்பாங்க."

"அன்னைக்கு இங்க கொட்டினப்போ அந்த மண்ணுல நீலமா ஏதோ பொடிப்பொடியா இருந்துச்சு." அவர் தரையில் ஓர் இடத்தைப் பார்த்தார், இன்னும் அங்கே கொட்டிக் கிடப்பதுபோல. "குப்பைன்னு நினைச்சேன். அதைப் பார்த்துத்தான் எனக்கு வெக்கமா போச்சு."

மைத்துனன் ஒரு நாற்காலியை இழுத்து அவருக்குப் பின்னால் போட்டான். அவர் உட்காரவில்லை.

"டாக்டர்கிட்ட சொல்லிடுங்க சார். இப்பவே. பொண்ணு வீட்டுக்கு வரலாம் இல்ல?"

"அந்தத் தோட்டத்துக்கு வரக்கூடாது. ஜன்னலோர மண்ணை எடுத்து மூட்டை கட்டி, அப்புறப்படுத்தத் தெரிஞ்சவங்ககிட்ட ஒப்படைக்கணும். வீட்டைத் துடைப்பத்தால பெருக்காம ஈரத்துணியால துடைக்கணும். அதுவரை அவங்க அக்கா வீட்டுல இருக்கட்டும். அப்புறம் பயிர் வெக்கணும்னா தரைக்கு மேல பெட்டி கட்டி, வேற மண்ணு போட்டு வெக்கலாம். அந்த மண்ணையும் முதல்ல சோதிக்கணும்." சர்வேயர் தொண்டையைச் செருமினார். "டாக்டருக்கு ஜன்னல் போதும், உங்க பேரு வேண்டியதில்ல. ஆனா உங்க மனைவி கையில ஒரு புகார் இருக்கு."

"நானே சொல்றேன்" என்றார் புகைப்படக்காரர். கடையை மூட மறந்து முன்னால் நடந்தார்.

●

சொன்னார். பின்வாசலில், நின்றபடி, ஒன்றுவிடாமல். டீச்சர் கத்துவார் என்று மைத்துனன் எதிர்பார்த்தான். அழுவார் என்று எதிர்பார்த்தான். அவர் கணவரின் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஜன்னலைப் பார்த்தார், அதன் கீழே தளதளவென்று நின்ற கீரையைப் பார்த்தார்.

"எங்கெங்க போட்டீங்க?" என்றார் கடைசியில். வகுப்பில் கேட்கும் குரல்.

"இந்த ஓரம் முழுக்க. அங்க வரைக்கும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்..." என்று ஆரம்பித்தவர் நின்றுவிட்டார். "பாத்தி கட்டறப்போ இந்த ஓரத்து மண்ணு மேடு தட்டிப் போச்சு. ரெண்டு மூட்டை மிஞ்சிச்சு. வீணாக்குவானேன்னு..."

"யாருக்குக் கொடுத்தீங்க?"

அவர் வாயால் சொல்லவில்லை. கண்கள் பேட்டரிக் கடைச் சுவருக்கு மேலே போயின. மொட்டை மாடியின் ஓரத்தில் பிளாஸ்டிக் வாளிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் பச்சை.

"அவங்க பொண்ணு இங்கதான் இருக்கா" என்றார் டீச்சர். குரல் இப்போதுதான் உடைந்தது. "மூணு மாசமா. தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கா."

சர்வேயர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஒரு நாளில் எதுவும் ஆகிவிடாது, ஆனால் இன்றோடு நிறுத்த வேண்டும், இரத்தம் பார்க்க வேண்டும் என்பது போல. டீச்சர் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. புகாரைச் செருப்பு வைக்கும் பலகையின் மேல் போட்டுவிட்டுத் தெருவுக்கு இறங்கிவிட்டார். பின்னாலேயே கணவர். அவர்களுக்குப் பின்னால் இவர்கள் இருவரும்.

பேட்டரிக்காரர் கடை வாசலில் கைதுடைத்துக்கொண்டிருந்தார். நாலு பேர் சேர்ந்தாற்போல வருவதைப் பார்த்ததும் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தார்.

"கொடுத்தாச்சா? கடையைப் பூட்ட எப்போ வர்றாங்க? சொல்லிட்டா நானே சாமானை எடுத்து உள்ள வெச்சுடுவேன்."

"ஐயா" என்றார் டீச்சர். மூன்று வாரமாக அந்த மனிதரை அவர் அப்படிக் கூப்பிட்டதில்லை. "உங்க மாடித் தோட்டத்துல என்ன வெச்சிருக்கீங்க?"

பேட்டரிக்காரர் புருவத்தைச் சுருக்கினார். "கேரட்டும் முள்ளங்கியும்தான். ஏன், அதுக்கும் ஒரு புகாரா? உங்க வீட்டுக்காரர் கொடுத்த மண்ணுதாம்மா. நல்லா விளையுது. என் பொண்ணு இப்பத்தான் மேல உக்காந்து பச்சையாவே கடிச்சுக்கிட்டு..."

அவர் சொல்லி முடிக்கவில்லை. புகைப்படக்காரர் அவரைத் தள்ளிக்கொண்டு மாடிப்படியில் ஓடிக்கொண்டிருந்தார்.